கொசுவும் எச்.ஐ.வி.யும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு நாம் பார்வையிட்ட கிராமமொன்றில் சிலர் ஒரு முறையீட்டுடன் வந்தனர். எச்.ஐ.வி. தொற்றுடைய ஒருவரின் குடும்பத்தைத் தெருவை விட்டு அகற்ற வேண்டும் என்பதே அது. "அவரைக் கடித்த கொசு எங்கள் பிள்ளைகளையும் கடிக்குமே!" என்றனர். இவ்வச்சத்திற்கு இடமுண்டா என்பதை ஆராய்வோம்.

கொசு டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது உண்மை. டெங்கு வைரஸ் ஏடிஸ் கொசுவின் குடல் உயிரணுக்களுள் புகுந்து பெருகி, ஏறத்தாழ 8 முதல் 12 நாட்களில் அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. அதன்பின் அக்கொசு கடித்தால் உமிழ்நீர் வழியே நோய் தொற்றுகிறது.

எச்.ஐ.வி.யோ கொசுவின் உடலில் பெருக இயலாது. சாவி பொருந்தினால்தானே பூட்டுத் திறக்கும்? மனித இரத்தத்திலுள்ள சிலவகை வெள்ளணுக்களின் மேல் சி.டி.4 என்னும் புரதம் உண்டு. அதனைப் பற்றிக்கொண்டே எச்.ஐ.வி. உள்ளே நுழைகிறது. கொசுவின் உயிரணுக்களில் அப்புரதம் இல்லை. நுழைய வழியற்ற வைரஸ், குடித்த இரத்தத்தோடு சேர்ந்து செரித்துப் போகிறது. மேலும், கொசு இரத்தத்தை உறிஞ்சும் குழல் வேறு, உமிழ்நீரைச் செலுத்தும் குழல் வேறு. ஒருவரிடம் குடித்த இரத்தத்தை அது மற்றொருவர் உடலில் செலுத்துவதில்லை.

அனுபவமும் இதையே கூறுகிறது. இந்தியாவில் இத்தொற்று 1986ஆம் ஆண்டில் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கொசு வயது பார்த்துக் கடிப்பதில்லை. அதனால் பரவுவதாயின் ஒரே வீட்டில் வாழும் முதியோரும் சிறுவரும் வேறுபாடின்றித் தொற்றுக்கு உள்ளாகியிருப்பர். அவ்வாறு நிகழவில்லை. பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், பலர் பயன்படுத்திய ஊசி, தாயிடமிருந்து சேய் ஆகியவையே அது பரவும் வழிகள். அரசு மருத்துவமனைகளில் இதற்கான கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. தொற்றுடையோரை ஒதுக்குதலை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

இவற்றை அக்கிராமத்து மக்களுக்கு எடுத்துரைத்தோம். ஊராட்சி உறுப்பினர் ஒருவர் அன்றே அவ்வீட்டிற்குச் சென்று, திண்ணையில் அமர்ந்து மோர் வாங்கி அருந்தினார். நம் சொற்களைக் காட்டிலும் அச்செயலே ஊராரின் ஐயத்தைப் போக்கிற்று. அக்குடும்பம் இன்றும் அதே தெருவில் வாழ்கிறது.

அன்பர்களே! விரட்ட வேண்டியது கொசுவையே, அண்டை வீட்டாரை அன்று. தொட்டி, குடம், பழைய டயர் முதலியவற்றில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை வடித்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவோமாக. டெங்குவைத் தடுக்கும் வழி அதுவே.