பெட்டியில் பணம் இருக்கிறதா?

ஃபேரர் பார்க்கில் ஒரு குடும்பத்துக்கு மளிகைக் கடையும் துணிக்கடையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று மற்றதற்கு 50,000 வெள்ளி கடன் கொடுத்தால் குடும்பச் சொத்து கூடிவிடுமா? கூடாது. நிறுவனக் குழுமத்தின் கணக்கிலும் இத்தகைய உள்கடனைக் கழித்துவிட வேண்டும்.

கழித்தால் மட்டும் போதுமா? மிச்சம் என்று காட்டும் பணம் உண்மையில் இருக்கிறதா?

ஜெர்மனியின் வயர்கார்ட் குழுமத்துக்குச் சிங்கப்பூரிலும் அலுவலகம் இருந்தது. அதன் கணக்குகளுக்குப் பல ஆண்டுகள் ஒப்புதல் தந்த தணிக்கையாளர்கள், 2020 ஜூனில் 190 கோடி யூரோவுக்கு ஆதாரமில்லை என்று கையெழுத்திட மறுத்தனர். பணம் இருப்பதாகச் சொல்லப்பட்ட இரண்டு பிலிப்பீன்ஸ் வங்கிகளும், அந்நிறுவனம் தங்கள் வாடிக்கையாளரே அல்ல என்றன. ஒரே வாரத்தில் நிறுவனம் நொடித்தது. பங்கு வாங்கியவர்களின் சேமிப்பும் கரைந்தது.

தலைமையகம் நீட்டும் தாள் போதாது. தொலைவில் உள்ள பணத்தை வங்கியிடமே நேரடியாகக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். கையெழுத்திடுபவரின் பொறுப்பு அதுதான்.