கைத்தொழிற் கல்வி கருணையன்று, கடன்

(படுவான்கரைக் கிராமமொன்றில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட சொற்பொழிவு)



வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழும் பக்கத்திலே நகரமும் பெரிய கல்லூரிகளும். சூரியன் படும் பக்கத்திலே வயலும் காடும் மாட்டுப் பட்டியும். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்திலே கரை கடக்க ஓடத்தையே நம்பியிருந்தோம். இன்று நம் நெல்லும் பாலும் அப்பாலத்தின் வழியே நகருக்குப் போகின்றன. பள்ளியை இடையிலே விட்ட நம் பிள்ளை எங்கே போகிறான்? அவனைப் பற்றிப் பேசவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

அண்மையிலே ஓர் இளைஞர் சட்ட உதவி வேண்டி நம்மிடம் வந்தார். 2007ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஷெல் வீச்சுக்கு அஞ்சி இக்கரை மக்கள் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது அவர் மூன்றாம் வகுப்பு மாணவர். தந்தை அதற்கு முன்னரே காணாமற்போயிருந்தார். முகாம் வாழ்வுக்குப் பின் ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. கராஜ் ஒன்றிலே எடுபிடியாகச் சேர்ந்து உழவு இயந்திரம் திருத்தப் பழகினார். இன்று எஞ்சினின் ஒலியைக் கேட்டே அதன் குறையைச் சொல்லுவார். ஆயினும் வேலை தேடிச் சென்ற இடத்திலே, “சான்றிதழ் எங்கே?” என்று கேட்டுத் திருப்பியனுப்பிவிட்டார்கள். பிறப்புச் சான்றிதழோ இடப்பெயர்விலே தொலைந்துவிட்டது. “ஐயா, எனக்குத் தொழில் தெரியும். அதை யாரிடம் போய் எழுதி வாங்குவது?” என்று அவர் கேட்டார். இருபது வருடங்கள் சட்டப் புத்தகம் புரட்டிய நமக்கு உடனே விடை வரவில்லை.

கிழக்கிலே 2007இலும் நாடு முழுவதிலும் 2009 மே மாதத்திலும் போர் ஓய்ந்தது. அன்றைய பிள்ளைகள் இன்று பெற்றோர். அவர்கள் இழந்த கல்வியின் சுமை இப்போது அவர்தம் மக்கள் தோள்மேல் ஏறுகிறது. தாய் தனித்து நடத்தும் வீடு, தாய் மத்திய கிழக்கிலே பணிப்பெண்ணாயிருக்க அம்மம்மா வளர்க்கும் பிள்ளை, நுண்கடன் தவணைக்காக வயலுக்கும் வாவிக்கும் அனுப்பப்படும் சிறுவன், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே கொப்பி வாங்க வழியின்றி நின்றுவிட்ட சிறுமி: இவர்களே போரின் இரண்டாந் தலைமுறைப் பிள்ளைகள்.

இவர்களுக்குத் தொழிற்கல்வி அளிப்பது எவருடைய தயவுமன்று. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991ஆம் ஆண்டில் ஏற்றது. தொழிற்கல்வி உட்பட இடைநிலைக் கல்வி ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டவேண்டுமென்கிறது அதன் 28ஆம் உறுப்புரை. போரினாற் பாதிக்கப்பட்ட பிள்ளை உடலும் உள்ளமும் தேறிச் சமூகத்தோடு மீண்டும் இணைய அரசு ஆவன செய்யவேண்டுமென்கிறது 39ஆம் உறுப்புரை. 2016இல் கட்டாயக் கல்வி வயது 16ஆக உயர்ந்தது. 2021இல் வேலைக்கமர்த்தும் குறைந்த வயதும் 16 ஆயிற்று. நல்ல சட்டங்கள்; வரவேற்கிறோம். ஆனால் பதினாறு வயதுவரை வேலைத்தலத்தின் கதவை அடைக்கும் சட்டம், அந்த வயதிலே வேறொரு கதவைத் திறந்து வைக்கவும் கடமைப்பட்டதன்றோ?

தொழிற்கல்வி இம்மண்ணுக்குப் புதியதன்று. காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளை யாழ்நூல் தந்த பெரும்புலவராக அறிவோம். அவரே கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிலே பயின்று 1916இல் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றவர் என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்? மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் தொழில்நுட்பக் கல்லூரிப் பட்டயமும் ஒரே மனிதரிடம் கூடியிருந்தன. அவர் 1929இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார்.

அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியிலே நெடுங்காலம் பணிசெய்த யேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார், பின்னர் மட்டக்களப்புக் கிழக்குத் தொழில்நுட்ப நிலையத்தின் பொறுப்பை ஏற்று, எளிய வீட்டு இளைஞர்களுக்குத் தொழில் கற்பித்தார். 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பை நோக்கி வந்தவர், உடன்வந்த இளைஞரோடு வழியிலே காணாமற்போனார். இன்றுவரை திரும்பவில்லை.

போர் நம் வேலைத்தலங்களையும் விடவில்லை. 1987 ஜனவரியில் மகிழடித்தீவு இறால் பண்ணையிலே உழைத்த நம் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை இக்கரை மறவாது.

நம் குற்றத்தையும் நாமே சொல்லவேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் கையிலே துவக்கைக் கொடுத்தோர் நம்மவரே. 2003ஆம் ஆண்டில் அரசும் விடுதலைப் புலிகளும் போரினாற் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்கான செயற்றிட்டமொன்றுக்கு உடன்பட்டன. தொழிற்பயிற்சியும் அதிலே ஓர் அங்கம். அடுத்த ஆண்டு புலிகளிடையே பிளவு நேர, ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இம்மாவட்டத்திலே வீடு திரும்பினர். அவர்களுள் மீண்டும் பிடித்துச் செல்லப்பட்டோரும் உளர்.

இன்னொரு குற்றமும் உண்டு. 1970களின் தொடக்கத்திலே பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்தபோது தமிழ் மாணவர் கொதித்தெழுந்தனர். நம் அரசியலே திசைமாறியது. நியாயமான சினமே. ஆனால் ஒன்பதாம் வகுப்போடு நின்ற பிள்ளைக்காக எந்தக் கட்சி ஊர்வலம் சென்றது? நம் கட்சியும் செல்லவில்லை. டாக்டரும் எஞ்சினியருமே நம் பிள்ளைகள் என்றும், தச்சனும் மேசனும் மின்னிணைப்பாளனும் பிறர் பிள்ளைகள் என்றும் எண்ணியது போல நடந்துகொண்டோம்.

போருக்கும் 2004ஆம் ஆண்டுக் கடல்கோளுக்கும் பின் பயிற்சிகள் பல நடந்தன. பெண்பிள்ளை என்றால் தையல். ஆண்பிள்ளை என்றால் மேசன் வேலை. சில வாரங்கள் வகுப்பு. இறுதி நாளிலே ஒரு படம். பின்னர் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரே ஊரிலே இருபது பெண்களுக்குத் தையல் பழக்கினால் சட்டை தைப்பிக்க வருவோர் யார்? பயிற்சிக்குப் பின் கருவியும் முதலும் இல்லாதவன் என்ன செய்வான்?

ஆகவே நாம் கேட்பவை இவை:

முதலாவது, ஆவணம். பிறப்புப் பதிவு இல்லாதவர்க்கு உத்தேச வயதுச் சான்றிதழ் தரச் சட்டத்திலே இடமுண்டு. காணாமற்போன கணவருக்கு மரணச் சான்றிதழ் வாங்க மனமொப்பாத தாய்க்கு, 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் தருகிறது. இவற்றைப் பெற மக்களை அலையவைக்காமல், அலுவலர்கள் ஊருக்கு வரவேண்டும்.

இரண்டாவது, அருகாமை. வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி ஆகிய மூன்று பிரதேசச் செயலகப் பிரிவுகளிலும் உழவு இயந்திரம், மின்சாரம், பாற்பண்ணை, படகுக் கட்டுமானம் முதலிய தொழில்களை முழுமையாகத் தமிழிலே கற்பிக்க வேண்டும். தூரத்துப் பிள்ளைக்குப் பஸ் கட்டணமும் மதிய உணவும் வேண்டும். எந்தத் தொழிலும் பெண்பிள்ளைக்கு மூடப்படலாகாது.

மூன்றாவது, தகைமை. பயிற்சி எதுவாயினும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழிலே முடியவேண்டும். 2017இல் தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வி, சாதாரண தரத்திலே தவறிய மாணவரும் தொழிற் பிரிவிலே தொடர்ந்து படிக்க வழிசெய்தது. அவ்வழி இக்கரைப் பாடசாலைகளுக்கும் வரவேண்டும்.

நான்காவது, வளர்ந்தோர்க்கு நியாயம். அனுபவத்தாற் பெற்ற திறனைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் முறை அத் தகைமைத் திட்டத்திலேயே உண்டு. கராஜ் இளைஞரின் கேள்விக்குத் தேடிக் கண்ட விடை அதுவே. அந்த விடை அவர் வாசலுக்கு வராமல் கொழும்புக் காகிதத்திலே கிடந்தது.

கேட்டுவிட்டு வீட்டிலிருக்க நாம் வரவில்லை. நம்மோடு சேர்ந்த சட்டத்தரணிகள் மாதத்தில் ஒரு நாள் இக்கரையிலே அமர்ந்து ஆவண வேலைகளைக் கட்டணமின்றிச் செய்வோம். நீங்கள் செய்யவேண்டியது ஒன்று. பள்ளியை விட்ட பிள்ளைகளின் வயது, கற்ற வகுப்பு, விரும்பும் தொழில் ஆகியவற்றை வீடு வீடாகச் சென்று எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு மாவட்டச் செயலகத்துக்குப் போவோம். பதில் கிடைக்கும்வரை திரும்பத் திரும்பப் போவோம்.

கராஜ் இளைஞரின் மகள் அடுத்த தையிலே முதலாம் வகுப்புக்குப் போகிறாள். தந்தைக்கு நேர்ந்தது அவளுக்கு நேராதிருக்கப் பத்து வருடங்களே நமக்குத் தவணை. பட்டியல் வேலையை நாளைக் காலையிலேயே தொடங்குங்கள்.