விண்டோஸுக்குத் துணையாக எந்த லினக்ஸ்?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இயலும் இசையும் மணக்கும் இவ்விழாவில் கணினியைப் பற்றிப் பேச முற்பட்டுள்ளோம். நாம் பொறியியல் கற்றவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரிபவர். எனினும், காலனியில் வீட்டுக்கு வீடு எழுந்துள்ள கேள்வி ஒன்றுக்கு விடை கூறுவது கடமை எனக் கருதினோம்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும், 2018-க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலும் இல்லை. பிள்ளைகளின் பாடமும், ஊரிலுள்ள பாட்டியின் படங்களும், பணிஓய்வுக் கணக்கும் தங்கியிருக்கும் இயந்திரத்தைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவதா? மாதச் சம்பளக்காரர்க்கு இது சிறு கேள்வி அன்று. விண்டோஸை அகற்றாமலே அதன் அருகில் லினக்ஸையும் வைத்துக்கொள்ளும் நடுவழி ஒன்று உண்டு.

லினக்ஸ் என்பது யாது? 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கி, எல்லார்க்கும் வழங்கிய கருநிரல் அது. இரயில்வேக்காரர்க்கு விளங்கக் கூறின், அஃது இன்ஜின். இன்ஜின் மட்டும் இருந்தால் பயணிகள் ஏறுவது எங்கே? அதனுடன் பெட்டிகளைக் கோத்து முழு வண்டியாக்கித் தருவோர் பலர். அவ்வாறு கோத்துத் தரும் முழு வண்டியையே ‘வழங்கல்’ என்கிறோம். 1993-இல் டெபியன், 2003-இல் ஃபெடோரா, 2004-இல் உபுண்டு, 2006-இல் மின்ட் எனப் பல தோன்றின. இன்ஜின் ஒன்றே, பெட்டிகளும் வசதிகளும் வேறு.

இவற்றுள் எது சிறந்தது என்று வாதிடுவோர் விடியும்வரை வாதிடுவர். முதன்முறை ஏறுவோர் கேட்க வேண்டியவை மூன்றே. எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும்? நம் பழைய இயந்திரம் தாங்குமா? தடுமாறினால் உதவி கிட்டுமா?

ஃபெடோரா புதுமையானது, ஆயின் அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாத ஆதரவே உண்டு. ஆர்ச் என்பதைத் தன் கையாலேயே கட்டி எழுப்ப வேண்டும். அது பழகியவர்க்கு உரியது. டெபியன் உறுதியானது, எனினும் புதியவர்க்குச் சற்றே கண்டிப்பான ஆசிரியர். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்தாண்டு ஆதரவு உண்டு. அதனை அடித்தளமாகக் கொண்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். அதன் தோற்றமும் விண்டோஸை ஒத்திருப்பதால் வீட்டுப் பெரியவர்கள் மிரளார். ஆதலின் முதல் லினக்ஸாக மின்ட்டையே நாம் பரிந்துரைக்கிறோம். 4 ஜி.பி. ரேம் உள்ள கணினிக்கு அதன் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பும், 8 ஜி.பி. உள்ளதற்குச் சின்னமன் பதிப்பும் பொருந்தும்.

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளமா என வியப்போர் உளர். 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அருகருகே இருந்தன. வழி புதிதன்று.

நிறுவுமுன் சோதித்துப் பார்க்க இயலும் என்பது லினக்ஸின் பெருஞ்சிறப்பு. 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் மின்ட்டை எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். அந்தப் பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும். வெற்றாக உள்ளதையே எடுங்கள். வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறி அசைகிறதா என ஒரு வாரம் பாருங்கள். வன்தட்டில் ஓர் எழுத்தும் மாறாது. பொருந்தவில்லையெனில் பென் டிரைவை உருவிவிட வேண்டியதே.

பொருந்தினால் நிறுவலாம். ஆனால் முதற்பணி படங்களையும் கோப்புகளையும் வேறொரு வட்டில் படியெடுத்து வைத்தலே. இதனைச் செய்யாதவர் அடுத்த படியில் கால் வைக்கலாகாது. பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணைத் தாளில் குறித்துக்கொள்க. விண்டோஸின் ‘விரைவுத் தொடக்கம்’ என்பதை நிறுத்துக. விண்டோஸுக்குள்ளிருந்தே வன்தட்டுப் பகுதியைச் சுருக்கி, 50 ஜி.பி. அளவேனும் வெற்றிடம் ஆக்குக. நிறுவும்போது, ‘விண்டோஸின் அருகில் நிறுவுக’ என்பதும் ‘வட்டை முழுதும் அழித்து நிறுவுக’ என்பதும் அடுத்தடுத்து நிற்கும். ஒரு பாயிண்ட் மாறினால் வண்டி எங்கே போகும் என்பதை இக்காலனியில் விளக்க வேண்டுவதில்லை. இருமுறை படித்த பின்னரே அழுத்துங்கள்.

இதன் பின், கணினி தொடங்கும்போது எதில் ஏறுவது என ஒரு பட்டியல் கேட்கும். சில கணினிகளில் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி பின்தங்கக் காணலாம். லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் கணினிக்குள் வைப்பதே காரணம். லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சரியாகும்.

டாலியில் கணக்கு எழுதுவோர் அதற்கு விண்டோஸையே நாடுக. எழுத்து வேலைக்கு லிப்ரே ஆஃபீஸும், இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸும் மின்ட்டுடனே வருகின்றன. திருத்தம் நின்றுபோன விண்டோஸில் வங்கி வேலை செய்யாதீர்கள். அதனை லினக்ஸில் செய்யுங்கள்.

ஈண்டு இருவகையில் நம் சங்கத்துக்கும் பங்குண்டு. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் நம் குழந்தைகள், தமிழ்99 விசைப்பலகையை லினக்ஸில் சேர்த்துத் தமிழில் தட்டச்சுப் பழகலாம். காசு ஏதும் இல்லை. மற்றொன்று, காலனியில் ஆளுக்கொரு வழங்கலைத் தேடாமல் அனைவரும் ஒன்றையே தேர்வோமாக. அப்போது ஒருவர் கற்றது அடுத்த வீட்டார்க்கும் பயன்படும். தடுமாறுவோர்க்குத் தமிழிலேயே விடை சொல்ல அண்டை வீட்டில் ஆள் இருப்பார். மூன்றாவது கேள்விக்கு இதனினும் நல்ல விடை இல்லை.