நாய் துரத்தும்போது

தெருநாய் துரத்தினால் நாம் ஓடுகிற ஓட்டம், பள்ளி விளையாட்டு விழாவில்கூட வருவதில்லை. (ஓடாமல் நிற்பதுதான் நல்லது என்பார்கள். யார் கேட்கிறோம்!) அந்த வேகத்தைத் தருவது அட்ரீனல் சுரப்பி. இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்ததுபோல ஒவ்வொன்று இருக்கிறது. எடை சுமார் 5 கிராம்தான்.

மூளை 'ஆபத்து' என்றதும் நரம்பு வழியே சேதி போகும். சுரப்பியின் உள்பகுதி அட்ரினலின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். உடனே நெஞ்சு படபடக்கும், மூச்சு வேகமெடுக்கும், கல்லீரல் சேர்த்து வைத்த சர்க்கரையை அவிழ்த்துவிடும். வயிற்றுக்குப் போகிற ரத்தம் குறைந்து, கால் தசைக்குக் கூடுதலாகப் பாயும். அந்த நேரத்தில் இட்லி செரிப்பதா முக்கியம்?

சுரப்பியின் வெளிப்பகுதி தருவது கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன். அது காலையில்தான் அதிகம்; இதோ, இப்போதும் உங்களுக்குள் ஓடுகிறது. தேனீ கொட்டி ஒவ்வாமையால் மூச்சுத் திணறுபவருக்கு மருத்துவர் போடும் ஊசியிலும் அட்ரினலின்தான் இருக்கிறது.