கல் சொல்லாத கதை



"நாவலாசிரியனுக்குக் கதை தருவது உண்மை நிகழ்ச்சியே" என்று மேசையைத் தட்டிப் பேசினார் எதிரணித் தோழர். மேசைக்கு வலிச்சிருக்கும், என் அணிக்கு வலிக்கலை! (சிரிப்பு)

சரி, உண்மையையே எடுத்துக்குவோம். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கோயிலில் ஒரு கல்வெட்டு. இராசராசன் காலத்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் சோமன், ரவிதாசன், பரமேசுவரன். அவங்க நிலமும் உறவினர் நிலமும் பறிமுதல்! அவ்வளவுதான். ஏன் கொன்னாங்க? கல் வாய் திறக்கலை.

அந்த மௌனத்துலதான் ஐயா, கல்கி நுழைஞ்சார்! 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' எழுதினார். 'ஏன்?' என்ற கேள்விக்காக நந்தினியைப் படைத்தார். எந்தக் கல்வெட்டிலும் இல்லாதவள்! அவள் வந்த பிறகுதானே கரிகாலன் நெஞ்சிலே காயம் வந்தது? பெரிய பழுவேட்டரையருக்குத் தடுமாற்றம் வந்தது? கதைக்கே ஓட்டம் வந்தது? (கைதட்டல்)

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல குந்தவையின் கணவராகப் பேர் மட்டும் உள்ளவர் வந்தியத்தேவர். அவரைக் குதிரைமேல ஏத்தி, வீராணம் ஏரிக்கரையில விட்டது எது? கற்பனை!

விதை கல்வெட்டுதான், மறுக்கலை. அதே கல்லை வரலாற்றாசிரியர்களும் படிச்சாங்க. அவங்க கையில் அது ஆய்வு; கல்கி கையில் நாவல்!

நடுவர் அவர்களே! கல்வெட்டு தண்டனையைச் சொல்லும். நாவல்தான் மனுசனைச் சொல்லும். 'என்ன நடந்தது' என்பது உண்மை. 'ஏன் நடந்திருக்கும்' என்று தவிக்கிற மனசுதான் கதையைப் பெத்தெடுக்குது! எனவே கற்பனையே என்று தீர்ப்பு வழங்க வேண்டி அமர்கிறேன்.