நோட்டுக் கணக்கு செல்போனுக்குள் போகும்போது

(இரும்புலியூரில் நடந்த ஊக்குநர், பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மெப்ஸில் ஷிப்டு முடித்துவிட்டு நேராக வந்தவர்கள் இருக்கிறீர்கள். அடுப்பில் உலையை வைத்துவிட்டு, மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். "கணக்கை எல்லாம் செல்போனில் ஏற்றிவிட்டால் நோட்டு எதற்கு?" என்று சில குழுக்களில் கேட்டார்கள். "கம்ப்யூட்டர் கணக்குன்னா தப்பே வராதாமே, அப்படியா?" என்று ஒரு அக்கா கேட்டார். இந்த இரண்டு கேள்விகளுக்கும்தான் இன்றைய பேச்சு.

நம் குழுக்களில் எத்தனை நோட்டு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்க. வருகை, தீர்மானப் பதிவேடு ஒன்று. ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, பொதுப் பேரேடு. ரசீது, வவுச்சர். போதாததற்கு ஆளுக்கு ஒரு பாஸ்புக். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் இந்தக் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்து நோட்டுதான் நமக்குப் பள்ளிக்கூடம். 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியபோது, சொத்து இல்லாத பெண்களை வங்கி எதை நம்பிப் பார்த்தது? ஒழுங்காகக் கூட்டம் போடுகிறார்களா, சேமிக்கிறார்களா, உள்கடன் திரும்பி வருகிறதா என்பதைத்தான். அதைக் காட்டியது நம் நோட்டு.

ஆனால் நோட்டு எழுதுவதில் உள்ள கஷ்டமும் நமக்குத் தெரியும். மாதக் கடைசியில் ஊக்குநர் இரண்டு ராத்திரி தூங்காமல் உட்கார்ந்து கூட்டுவார். தொண்ணூறு ரூபாய் இடிக்கும். நான்கு முறை கூட்டினாலும் இடிக்கும். கணக்கு எழுதிப் பழகியவர்களிடம் இதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு எண்கள் இடம் மாறியிருக்கலாம் என்று தேடுவார்கள். ரொக்கப் புத்தகத்தில் 540 என்று எழுதி, கடன் பேரேட்டில் 450 என்று ஏற்றியிருப்போம். வித்தியாசம் 90. அதைத் தேடிப் பிடித்தவுடன் வரும் நிம்மதி இருக்கிறதே, அது பிரசவம் முடிந்த மாதிரி!

இப்போது செயலியில் என்ன நடக்கிறது? நாம் ஒரு இடத்தில்தான் எண்ணைப் போடுகிறோம். ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு, பொதுப் பேரேடு எல்லாவற்றையும் அதுவே நிரப்பிக்கொள்கிறது. கூட்டல் தப்பாது. ராத்திரி கண் விழிக்க வேண்டாம். ரொம்ப நல்லது. ஆனால் கட்டியது 540, விரல் தவறி 450 என்று போட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்க. எல்லாப் பேரேட்டிலும் 450 என்றே ஏறும். இரண்டு பக்கமும் அழகாகச் சரியாக நிற்கும். முன்பு ஒரு நோட்டு இன்னொரு நோட்டைக் காட்டிக் கொடுத்தது. இப்போது காட்டிக் கொடுக்க இன்னொரு நோட்டு இல்லை. அந்த 90 ரூபாயைக் கண்டுபிடிக்க இரண்டே வழிதான் மிச்சம். ஒன்று, கூட்டத்திலேயே கையிருப்பை எண்ணிச் செயலியில் உள்ள இருப்போடு ஒப்பிடுவது. இன்னொன்று, பணம் கட்டியவளே "நான் கட்டினது 540 ஆச்சே" என்று சொல்வது. அவள் சொல்ல வேண்டும் என்றால் அவளுக்கு அது தெரிய வேண்டும். செல்போன் ஊக்குநர் கையில் இருந்தால், கடவுச்சொல் அவருக்கு மட்டும் தெரிந்தால், உறுப்பினர் எதைப் பார்த்துச் சொல்வாள்?

வட்டியும் இதே கதைதான். பத்தாயிரம் ரூபாய் உள்கடன், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, மாதம் ஆயிரமாகப் பத்துத் தவணை. மீதியிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் முதல் மாதம் 100, அடுத்த மாதம் 90, அப்படியே குறைந்து கடைசி மாதம் 10. மொத்தம் 550 ரூபாய். பத்து மாதமும் முழு அசலுக்கே வட்டி போட்டால் 1,000 ரூபாய். ஒரே கடன், ஒரே வட்டி விகிதம், வித்தியாசம் 450 ரூபாய். கணக்கைத் தொடங்கும் நாளில் எந்த முறை என்று யாரோ ஒருவர் பொத்தானை அழுத்தியிருப்பார். அதன்பிறகு இயந்திரம் ஒரு மாதம்கூடத் தவறாமல் அதையே செய்யும். தீர்மான நோட்டில் நாம் முடிவு செய்தது எது, செயலியில் இருப்பது எது என்று ஒருமுறை பாருங்க.

இந்த விஷயத்தில் நம் ஊரிலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். 2000-க்குப் பிறகான ஆண்டுகளில், அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த தபன் பாரிக் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் தமிழ்நாட்டுக்கு வந்து நம்மைப் போன்ற மகளிர் குழுக்களோடு உட்கார்ந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பெண்கள்கூட எண்களைப் படிக்கிறார்கள், பணத்தைச் சரியாக எண்ணுகிறார்கள் என்பதை முதலில் கவனித்தார்கள். (நமக்கு இது தெரிந்ததுதான். ஆராய்ச்சி செய்து சொன்னால் ஒரு மதிப்பு!) 2006-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் உள்ள முறை இதுதான்: காகிதப் படிவத்தை ஒழிக்கவில்லை. படிவத்தில் சிறு குறியீடுகளை அச்சடித்தார்கள். கேமரா செல்போனை அதன்மேல் காட்டினால், எந்தக் கட்டத்தில் என்ன எண் போட வேண்டும் என்று போன் பேசிக் கேட்கும். காகிதம் குழுவிடம் இருக்கும், எண் கம்ப்யூட்டருக்குப் போகும்.

ஒடிசாவில் குழுக்களோடு நடந்த இன்னொரு ஆய்வு 2010-ல் வெளியானது. அதிலும் சாதாரண நோட்டும் பேனாவும்தான். நோட்டுக்கு அடியில் மின்னணுப் பலகை. பேனாவால் எழுதும் எண்ணை அது உடனே புரிந்துகொண்டு காட்டும். தவறான பதிவுகளும் விடுபட்ட பதிவுகளும் குறைந்தன என்று எழுதியிருக்கிறார்கள். இந்த இரண்டையும் உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. இத்தனை படித்தவர்கள் யோசித்தும், கிராமத்துப் பெண்ணிடமிருந்து காகிதத்தைப் பிடுங்கவில்லை.

பிறகு பெரிய அளவில் வந்தது நபார்டின் இ-சக்தி. 2015 மார்ச் மாதம் தொடங்கினார்கள். ஜார்க்கண்டில் ராம்கர், மகாராஷ்டிரத்தில் துலே ஆகிய இரண்டு மாவட்டங்களில் முதலில். குழுவின் சேமிப்பு, கடன் விவரத்தைக் கணினியில் ஏற்றி, வங்கி மேலாளர் தன் மேசையிலிருந்தே குழுவின் தரத்தைப் பார்க்கும்படி செய்தார்கள். உறுப்பினரின் செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். போகவும் ஏற்பாடு செய்தார்கள். ஊரகக் குழுக்களுக்கு லோக்-ஓ.எஸ். என்ற செயலி வந்தது. நம்மைப் பொறுத்தவரை இதில் பெரிய விஷயம் அந்த எஸ்.எம்.எஸ்.தான். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கியபோது, செய்தி வந்ததா வந்ததா என்று எத்தனை முறை போனை எடுத்துப் பார்த்தோம்? குழுச் சேமிப்புக்கு வரும் செய்தியையும் அப்படிப் பார்க்கிறோமா? பல பேருடைய எண் என்று கணக்கில் ஏறியிருப்பது கணவருடைய எண், அல்லது மாற்றிவிட்ட பழைய எண். அந்தச் செய்தி யாருக்குப் போகிறதோ!

நோட்டு மட்டும் போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. 2015 டிசம்பர் முதல் வாரம் நினைவிருக்கும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர். பீரோவின் அடித்தட்டில் இருந்த பேரேடுகள் ஊறி, மை கரைந்து, ஏடு ஏடாக ஒட்டிக்கொண்டன. மொட்டை மாடியில் கொடிக்கயிறு கட்டித் துணியோடு துணியாகக் கணக்கு நோட்டைக் காயப் போட்டிருந்ததை நாங்களே பார்த்தோம். அன்றைக்கு ஒரு கம்ப்யூட்டரில் நகல் இருந்திருந்தால் எத்தனையோ சண்டை மிச்சமாகியிருக்கும். ஆகவே கம்ப்யூட்டர் வேண்டும். நோட்டும் வேண்டும்.

இப்போது இங்கிலாந்துக்குப் போய் வருவோம், ஐந்து நிமிடம்தான். அங்கே சின்னச் சின்னக் கிளைத் தபால் நிலையங்களைத் தெருவில் கடை வைத்திருப்பவர்களே நடத்துவார்கள். ஊக்குநர் மாதிரி, அந்த ஊருக்கு நம்பிக்கையான ஆள். 1999-லிருந்து ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறையை அந்தக் கிளைகளில் வைத்தார்கள். சில நாட்களில் மாலையில் கணக்கு முடிக்கும்போது பணம் குறைகிறது என்று திரை காட்டியது. எடுத்தவர் யாருமில்லை. கணக்கில் பிழை இருந்தது. ஆனால் தபால் நிறுவனம் "கணினி சரியாகத்தான் இருக்கிறது, நீங்கள்தான் கட்ட வேண்டும்" என்றது. வீட்டை அடகு வைத்துக் கட்டியவர்கள் உண்டு. 2015 வரையில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க் கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். கர்ப்பிணியாக ஜெயிலுக்குப் போனவரும் அதில் ஒருவர். "இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான்" என்று பலரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆலன் பேட்ஸ் என்பவர் மட்டும் "பதிவைக் காட்டு, எப்படிக் குறைந்தது என்று காட்டு" என்று வருடக்கணக்கில் விடாமல் கேட்டு, மற்றவர்களையும் ஒன்று சேர்த்தார். 2019 டிசம்பரில் நீதிமன்றம் அந்தக் கணினி முறையில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்புச் சொன்னது. 2024-ல் தனிச் சட்டமே போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். அதற்குள் எத்தனை வருடம் போய்விட்டது பாருங்க.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் பகுதிக் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். குழுவின் பெயர் வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு உறுப்பினர்கள், முதலெழுத்து மட்டும்தான் வேறு. ஒருவர் வாங்கிய கடனையும் ஒழுங்காகக் கட்டி முடித்துவிட்டார். இன்னொருவருக்கு நான்கு தவணை பாக்கி. விவரம் ஏற்றும் இடத்தில் இருவரும் மாறிவிட்டார்கள். கட்டி முடித்தவர் தையல் மெஷின் வாங்க வங்கிக்குப் போனால், "உங்க பேர்ல பாக்கி காட்டுதே" என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து அழுதார், "நான் ஒரு தவணைகூட விட்டதில்லையே" என்று. குழு உறுப்பினர் ஒவ்வொருவருடைய கடன் விவரத்தையும் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தர வேண்டும் என்று 2016-ல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. சிபில், சிபில் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் நம் பெயரும் ஏறுகிறது. முன்பு தப்பு நம் நோட்டுக்குள்ளேயே இருந்தது, அடுத்த கூட்டத்தில் அடித்துத் திருத்தினோம். இப்போது தப்பு நமக்கு முன்னால் வங்கிக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்தச் சகோதரிக்குக் கைகொடுத்தது எது தெரியுமா? ஒவ்வொரு தவணைக்கும் ஊக்குநர் கையெழுத்துப் போட்ட அவருடைய பாஸ்புக். அதை எடுத்துக்கொண்டு மூன்று முறை அலைந்து சரி செய்தார்கள். மெஷின் வர ஐந்து மாதம் தள்ளிப் போனது.

இன்னொரு விஷயம், சட்டென்று சொல்லிவிடுகிறோம். கூட்டத்துக்கு வர முடியாதபோது சேமிப்பை ஊக்குநரின் சொந்த எண்ணுக்கு ஜி-பேயில் அனுப்புகிறீர்கள். அது அவருடைய சொந்தக் கணக்கில் ஏறுகிறது. அவர் வாங்கிய வண்டிக் கடனின் தவணையை வங்கி தானாகப் பிடித்தால் உங்கள் சேமிப்பும் அதோடு போகும். அவரும் திருடி இல்லை, நீங்களும் ஏமாளி இல்லை, ஆனால் சண்டை நிச்சயம். குழுவின் வங்கிக் கணக்கிலேயே போடுங்க. அனுப்பிய விவரத்தை அடுத்த கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்க.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். செயலியில் எண் ஏற்றுவது கூட்டம் நடக்கும்போதே, எல்லோர் கண் முன்னாலும் நடக்கட்டும். ஏற்றிய எண்ணை ஊக்குநர் சத்தமாக வாசிக்கட்டும், அந்த உறுப்பினர் "சரி" என்று சொன்ன பிறகு அடுத்த பெயர். பாஸ்புக்கில் அங்கேயே எழுதிக் கையெழுத்து. ஊக்குநரைத் தவிர இன்னும் ஒருவராவது செயலியைத் திறக்கப் பழகட்டும், அது பன்னிரண்டாவது படித்த உங்கள் குழுவின் சின்னப் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. மாதம் ஒருமுறை பிரிண்ட் எடுத்துத் தீர்மான நோட்டில் ஒட்டி வையுங்க.

பேசி முடிக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்டார்: "பிரிண்ட்ல யாரு கையெழுத்துப் போடணும்? அதுக்குக் காசு யாரு தர்றது?" அவரவர் பெயருக்கு நேரே அவரவர் கையெழுத்து, கடைசியில் ஊக்குநரும் பிரதிநிதியும். பிரிண்ட் எடுக்கும் பணத்தைக் குழுவின் நிர்வாகச் செலவில் எழுதிக்கொள்ளலாம். வவுச்சர் போட மறக்காதீங்க.