சூரியன் அஸ்தமித்த பிறகு



பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்து 1972-ல் ரயில்வேயில் சேர்ந்தேன். முதல் போஸ்டிங் தன்பாத். நிலக்கரி வாகன்களுக்குக் கணக்கு எழுதுவது என் உத்தியோகம். காலையில் போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் சாம்பல் நிறமாகியிருக்கும். அந்த நிலக்கரி சுமந்த கூலியில்தான் இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்தேன். ஆகவே அதைத் திட்ட எனக்கு நா எழாது.

சென்ற வருஷம் நாக்பூரில் எங்கள் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல் போட்டோம். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம். (மீட்டர் மாற்ற ஐந்து முறை ஆபீசுக்கு அலைந்தது தனிக் கதை.) நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் வருகிறது. "தாத்தா, இனிமே நம்மாத்துல நிலக்கரி கரண்டே கிடையாதா?" என்றான் பேரன். மணி ராத்திரி எட்டு, ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. "இப்போ ஓடறது நிலக்கரிதாண்டா" என்றேன். குழந்தைக்கு முகம் வாடிவிட்டது.

சூட்சுமம் இங்கேதான். 2025 ஜூனில் தேசத்தின் மொத்த மின் நிறுவுதிறனான சுமார் 485 கிகாவாட்டில் பாதி, நிலக்கரி, எரிவாயு, டீசல் சாராதது என்று அறிவித்தார்கள். பொய்யில்லை. ஆனால் திறன் வேறு, உற்பத்தி வேறு. பேனல் ராத்திரியில் சும்மா கிடக்கிறது. வருஷம் முழுக்கக் கூட்டினால் திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். 2024-25-ல் யூனிட் கணக்கில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிலக்கரியிலிருந்தே வந்தது.

பகல் மின்சாரத்தை ராத்திரிக்கு எடுத்து வைக்க வேண்டும். பழைய வழி, உபரி மின்சாரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, இருட்டியதும் இறக்கி டர்பைனைச் சுழற்றுவது. மேற்கு வங்காளத்தில் புருலியாவில் 900 மெகாவாட், நம் காடம்பாறையில் 400. நூறு யூனிட் கொடுத்தால் எழுபத்தைந்து, எண்பது திரும்பும். குஜராத்தில் மொடேரா கிராமம் பாட்டரி வைத்து இரவும் பகலும் சூரிய மின்சாரத்தில் ஓடுவதாக 2022-ல் அறிவித்தார்கள். ஒரு கிராமத்துக்குச் சரி. தேசத்துக்கு எத்தனை பாட்டரி வேண்டும்!

இன்னொரு விஷயம், மேடைகளில் யாரும் பேசாதது. ரயில்வே சரக்கில் எடைக்கணக்கில் சுமார் பாதி நிலக்கரி. சரக்கு வருமானம்தான் நம் டிக்கெட் விலையைத் தாங்குகிறது. அது நின்றால், நாம் ஸ்லீப்பரில் ஊருக்குப் போய்வர என்ன கேட்பார்கள்? தன்பாதில் என்னோடு டீ குடித்தவர்களின் பேரன்கள் இன்றும் சுரங்கத்தை நம்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வேலைக்கு இப்போதே வழி செய்யாமல் சுரங்கத்தை மூடுவது பாபம்.

அதற்காக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மாற வேண்டியதுதான். பகலில் கட்டணம் குறைவு, சாயங்காலம் அதிகம் என்று 2023-லேயே மத்திய அரசு விதி செய்துவிட்டது. எங்காத்தில் வாஷிங் மெஷின், மோட்டார் எல்லாம் இப்போது பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில். கிரைண்டரும்தான். நாக்பூர் மே மாத வெயிலில் மத்தியானம் அரைத்த இட்லி மாவு சாயங்காலமே பொங்கிவிடுகிறது என்று என் மனைவி அதை ஃப்ரிட்ஜில் வைக்கிறாள். ஃப்ரிட்ஜ் ராத்திரி எதில் ஓடுகிறது என்று பேரன் இன்னும் கேட்கவில்லை.